ஸ்டீவன் ஷ்னைடர் சொன்னதும் வெட்டப்பட்டதும்

1971இல் பனியுகம் வருமென்று அச்சுறுத்திய அமெரிக்கக் காலநிலை ஆய்வாளர் ஸ்டீவன் ஷ்னைடர் பிறகு புகழுக்காகப் புவி வெப்பமாதல் பக்கம் தாவினார் என்றும், நேர்மையைவிடத் தாக்கமே முக்கியம் என்று அவரே ஒப்புக்கொண்டார் என்றும் அவருடைய மேற்கோளோடு ஒரு பதிவில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டுமே தவறான சித்திரத்தைத் தருகின்றன.

1971இல் 'சயின்ஸ்' இதழில் சக ஆய்வாளர் ரசூலுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை, காற்றிலுள்ள நுண்துகள்கள் நான்கு மடங்கானால் உலக வெப்பநிலை 3.5 பாகை செல்சியஸ் வரை குறையக்கூடும் என்ற நிபந்தனைக் கணக்கையே முன்வைத்தது. அந்தக் கணக்கு கார்பன் டை ஆக்சைடின் வெப்பமூட்டும் விளைவைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. நுண்துகள்கள் உலகெங்கும் சீராகப் பரவாமல் தொழிற்பகுதிகளை ஒட்டியே திரள்கின்றன என்பதும் அதில் உரிய இடம் பெறவில்லை. இக்குறைகளைச் சில ஆண்டுகளுக்குள் வெளிப்படையாக ஏற்றுத் திருத்தியவர்களில் முதன்மையானவர் ஷ்னைடரே. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் சுமார் 1.5 முதல் 3 பாகை வெப்பம் கூடும் என்று 1975இலேயே அவர் ஆய்விதழில் எழுதிவிட்டார். அப்போது இத்துறையில் புகழ் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சான்று மாறியதால் முடிவை மாற்றிக்கொண்டவரைச் சந்தர்ப்பவாதி என்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் அநீதியானது. 1989இல் 'டிஸ்கவர்' இதழுக்கு அளித்த நேர்காணலில், ஊடகங்களின் சுருக்கமான மொழிக்கும் அறிவியலின் ஐயப்பாடுகளுக்கும் இடையே சிக்கிய ஆய்வாளரின் இக்கட்டை விவரித்த அவர், திறம்படப் பேசுவதற்கும் நேர்மையாக இருப்பதற்கும் நடுவே ஒவ்வொருவரும் சமநிலை காண வேண்டியிருக்கிறது என்றார். அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே, அது இரண்டுமாகவும் இருப்பதைக் குறிக்கும் என நம்புவதாகச் சொல்லி முடித்தார். பலமுறை நடந்ததைப் போலவே, அந்தப் பதிவில் உள்ள மேற்கோளிலும் அந்த இறுதி வாக்கியம் விடுபட்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.