ஏசாயாவை முதலில் பேச விடுங்கள்

சென்ற ஞாயிறு ஆராதனையில் நடந்ததையும், அன்று மாலை சபையின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததையும் இங்கே பலர் அறிவீர்கள். தீர்க்கதரிசனங்கள் இயேசுவில் நிறைவேறியதைப் பற்றிய பிரசங்கம் அது; அதையொட்டி நான் குழுவில் எழுதியதற்குத்தான் அத்தனை பேச்சும். அதை முழுக்கத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான்கு நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். "பிள்ளைகள் மனதில் சந்தேகத்தை விதைக்கிறவர்" என்று என் பெயரைப் போட்டே எழுதிய பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் குழுவில் எழுதியது ஏழு வரி. "ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்" என்கிற ஏசாயா 7:14, இயேசுவின் பிறப்பில் நிறைவேறியது என்று மத்தேயு எடுத்துக்காட்டும் வசனம். அதை மட்டும் பிய்த்து எடுக்காமல் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

அங்கே என்ன இருக்கிறது? கி.மு. 735 வாக்கில் யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிக்கொண்டிருக்கிறான். சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்துகொண்டு எருசலேமின்மேல் வருகிறார்கள். காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் அசைந்தன என்கிறது வேதம். ஏசாயா தன் மகனையும் கூட்டிக்கொண்டு வண்ணார் துறை வழியில், மேல்குளத்து மதகின் அருகே அவனைச் சந்திக்கிறார். முற்றுகை வந்தால் தண்ணீர் நிற்குமா என்று பார்க்கத்தான் ராஜா அங்கே போயிருப்பான் என்று நினைக்கிறேன். அவனுக்குத்தான் அந்த அடையாளம் சொல்லப்படுகிறது: ஒரு குழந்தை பிறக்கும், இம்மானுவேல், அதாவது 'தேவன் நம்மோடிருக்கிறார்', என்று பெயர், அது தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ளும் வயது வருமுன் நீ அஞ்சும் அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும். கி.மு. 732இல் சீரியாவின் தலைநகரான தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது.

வாசலில் பகைவன் நிற்க நடுங்குகிறவனிடம், "எழுநூறு ஆண்டு கழித்து ஒரு பிள்ளை பிறக்கும், தைரியமாயிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரா தீர்க்கதரிசி? ஏசாயாவை முதலில் அவருடைய ஜனத்தோடு பேச விடுங்கள். அதன்பிறகு மத்தேயுவிடம் வாருங்கள். இதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

"அப்படியானால் கன்னிப்பிறப்பை மறுக்கிறாயா?" என்று கேட்பீர்கள். மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் உங்களோடு நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறேன், ஒவ்வொரு சொல்லையும் நம்பிச் சொல்கிறேன். எபிரேயத்தில் உள்ள 'அல்மா' இளம்பெண்ணைக் குறிக்கும் சொல் என்பதையும், கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி, என்று வருகிறது என்பதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர்களும் யூதர்களே, அதுவும் கிறிஸ்துவுக்கு முன்பே. மத்தேயு கள்ளத்தனம் செய்துவிட்டார் என்று எழுதுகிறவர்களுக்கும் இதுதான் என் பதில். நம் பிள்ளைகள் இதை நம்மிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சபையில் நான் எடுக்கும் வேத வகுப்பில் படித்த ஒரு பையன் கல்லூரிக்குப் போய், யூடியூபில் இதைக் கேட்டுவிட்டு வந்து நின்றான். "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்றான். சந்தேகத்தை அவனுக்குள் விதைத்தது யார்? பேசிய நானா, அத்தனை ஆண்டுகள் பேசாத நாமா?

'நிறைவேறியது' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கும் நிரப்புதல் என்றுதான் அடிப்படைப் பொருள். ஐப்பசி மழையில் பாதி நின்ற குளம் கார்த்திகையில் நிறைந்து மறுகால் பாய்கிறது. பாதிக் குளத்தில் குடித்தவர்கள் குடித்ததும் அதே தண்ணீர்தான். ஆகாசின் நாளில் 'தேவன் நம்மோடிருக்கிறார்' என்பது மெய்யாக இருந்தது. மரியாளின் பிள்ளையில் அது கரை தொட்டது. இதில் விசுவாசத்துக்கு என்ன குறைந்துவிட்டது?

ஆனால் ஞாயிறு பிரசங்கத்தில் நமக்குக் கிடைத்தது ஒரு கணக்கு. எட்டுத் தீர்க்கதரிசனங்கள் ஒரே மனிதனில் தற்செயலாக நிறைவேற 1க்குப் பின்னால் 17 சுழியம் போட்ட எண்ணிக்கையில் ஒரு வாய்ப்புதானாம். டெக்சாஸ் மாநிலம் முழுக்க இரண்டடி உயரத்துக்கு வெள்ளி டாலர்களைப் பரப்பி, ஒன்றில் மட்டும் அடையாளமிட்டு, கண்ணைக் கட்டியவன் முதல் தடவையிலேயே அதை எடுப்பது போலவாம். ஓர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே போட்ட கணக்கு அது. பலரும் "ஆமென்" என்றார்கள். சரி, ஓசியா 11:1ஐ அந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்." குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதில் இது நிறைவேறியது என்கிறார் மத்தேயு. வரவழைத்தேன்; இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட, நடந்து முடிந்த யாத்திரையைப் பற்றிய நினைவு அது. அடுத்த வசனத்திலேயே அந்தக் குமாரனாகிய இஸ்ரவேல் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் பலியிடுகிறான். மத்தேயுவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் எடுத்தார். இஸ்ரவேல் நடந்து தவறிய வழியில் இயேசு மறுபடியும் நடக்கிறார் என்று காட்டுகிறார். எத்தனை சுழியம் போட்டாலும் அந்த அழகு கணக்கில் வராது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. புற்றுநோயின் கடைசி வாரத்தில் தினமும் 22ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று நான் தொடங்கும்போது அவர் உதடும் அசையும். "தண்ணீரைப்போல ஊற்றுண்டேன்" வரும்போது என் கையைப் பிடிப்பார். சிலுவையில் நடக்கப்போகும் ஒரு வெள்ளிக்கிழமைக்கான முன்னறிவிப்பு மட்டும்தான் அந்தச் சங்கீதம் என்றால், என் அப்பாவின் வாய்க்கு அதில் என்ன வேலை? வேதனைப்பட்ட யாரோ ஒருவர் முதலில் அதைக் கதறியிருக்கிறார். அந்தக் கதறலையே இயேசு தமது வாயில் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அப்பாவால் அதை இருவரோடும் சேர்ந்து சொல்ல முடிந்தது. எனக்குச் சந்தேகக்காரன் என்று பெயர் வைத்தவர்களில் மூவர் அந்தக் கட்டிலருகே நின்று ஜெபித்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

"பாமர விசுவாசிகள் குழம்புவார்கள்" என்பதற்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை. என் அப்பா எட்டாம் வகுப்பு.

இன்னொன்று. பிரசங்கத்தின் முடிவில் "யூதர்கள் கையில் புத்தகம் இருந்தும் குருடர்கள், சபிக்கப்பட்டவர்கள்" என்று சொல்லப்பட்டபோது யாருக்குமே உறுத்தவில்லையா? ஏசாயா 53இல் பிறருக்காகப் பாடுபடும் தாசனை நான் இயேசுவாகவே வாசிக்கிறேன், சாகும்வரை அப்படித்தான் வாசிப்பேன். பதினோராம் நூற்றாண்டில் யூத வேத உரையாசிரியர் ராஷி அந்தத் தாசனை இஸ்ரவேல் ஜனமாக வாசித்தார். 1096இல் ரைன் நதிக்கரையின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் சிலுவைப்போருக்குப் புறப்பட்டவர்கள் யூதர்களைக் கொன்று குவித்தபோது அவர் உயிரோடிருந்தார். "அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி" என்று வாசிக்கும்போது அவர் கண்முன் யார் வந்திருப்பார்கள்? 1263இல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில் கிறிஸ்தவர்களோடு நடந்த விவாதத்தில் யூத ரபி நக்மனிதஸ் கேட்டார்: மேசியாவின் நாளில் ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை என்று ஏசாயா சொல்லியிருக்க, இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் கொடுமையால் நிறைந்திருக்கிறதே? அவர் மறுவருகையில் அது முற்றுப்பெறும் என்று நாம் சொல்கிறோம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் குருடன் கேட்கும் கேள்வியா அது?

"யூதர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்பீர்கள். இயேசுவும் யூதர்தான், மரியாளும் யூதப் பெண்தான். வேறென்ன சொல்ல?

வகுப்பை இப்போதைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று நேற்று இரவு செய்தி வந்தது. ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாம். வரும் ஞாயிறு அப்போஸ்தலர் 8 எடுப்பதாக இருந்தேன். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா 53ஐ வாசிக்கிறான். தீர்க்கதரிசி தம்மைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா என்று பிலிப்பிடம் கேட்கிறான். பிலிப்பு அவனைச் சந்தேகக்காரன் என்று சொல்லவில்லை. ரதத்தில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வசனத்திலிருந்தே தொடங்கினார். பாடத்துக்காக எழுதி வைத்த நான்கு தாள்களும் என் வேதாகமத்தில் அந்த இடத்திலேயே இருக்கின்றன. வகுப்பு எடுக்கப்போகிறவர் வீட்டுக்கு வந்தால் தருகிறேன்.