பொங்கல் தேதியை யாரும் மாற்றவில்லை

“பொங்கல் என்றைக்கும் ஜனவரி 14தான். சூரியன் வடக்கே திரும்பும் நாள் அது. பஞ்சாங்கக்காரர்கள் வேண்டுமென்றே 15க்கு மாற்றுகிறார்கள்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பொங்கலுக்கு ஆங்கிலத் தேதி அடிப்படையே அல்ல. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தைக் கொண்டே தை முதல் நாள் அமைகிறது. ராசிகள் விண்மீன்களை ஒட்டிக் கணக்கிடப்படுகின்றன. ஆங்கில நாட்காட்டியோ பருவங்களை ஒட்டியது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இவ்விரண்டும் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் விலகுகின்றன. உதாரணமாக, விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று, அதாவது சூரியன் மகரத்தில் நுழையும் நாளில் பிறந்தார்; அன்றைய தேதி 1863 ஜனவரி 12. லீப் வருடக் கணக்கினாலும் தேதி ஒரு நாள் முன்பின் ஆகும். 2019, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பொங்கல் 15ஆம் தேதிதான் வந்தது.

வானில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்தத் திருப்பமும் மகரப் பிரவேசமும் ஒரே நாளில் நிகழ்ந்தன. சமய வழக்கு இன்றும் மகரப் பிரவேசத்தையே உத்தராயணத்தின், அதாவது சூரியனின் வடதிசைப் பயணத்தின் தொடக்கமாகக் கொள்கிறது. புண்ணிய காலமும் தர்ப்பணமும் அதையொட்டியே வருகின்றன. ஆகவே, 15ஆம் தேதி பொங்கல் வைப்பவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் மீது வீண்பழி சுமத்தும் அந்தச் செய்தியைத் தயவுசெய்து பகிர வேண்டாம்.