கண்ணாடி மட்டும் போட்டால் போதாது
ஃபிரேமில் கண்ணாடி போட்டுவிட்டால் ஏற்காட்டுப் பனியிலும் வாட்டர்கலர் ஓவியத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. கண்ணாடி காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே கேடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். இரவில் கண்ணாடி குளிர்ந்ததும் உள்பக்கம் நீர் கோத்து, படம் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையில் 2 மி.மீ. மவுண்ட் போர்டாவது (படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வேண்டும், அதுவும் அமிலமில்லாதது. ஃபிரேம் போடுபவரைப் படத்தின் நாலு பக்கமும் டேப் ஒட்டவே விடாதீர்கள். சேலம் வெயிலில் காய்ந்த காகிதம் மலையில் ஈரம் குடித்து விரியும்போது இடமில்லாமல் அலையலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், கோதுமை ஸ்டார்ச் பசை தடவிய மெல்லிய காகிதப் பட்டையால் தொங்கவிடச் சொல்லுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக ஒருவர் எழுதியிருக்கிறார். காற்றுப் புகுகிற ஃபிரேமுக்குள் அது சீக்கிரமே நிறைந்துவிடும், சூடு பட்டால் குடித்த ஈரத்தைத் திரும்ப உள்ளேயே விடும். அதைவிட, ஃபிரேமின் பின்னால் கீழ் மூலைகளில், சுவரை ஒட்டாமல் காற்றுப் போக, கார்க் துண்டு ஒட்டி, மழை அடிக்காத உட்சுவரில் மாட்டினாலே பாதித் தொல்லை தீரும்.