பெட்னரை விட்டுவிட்டீர்களே

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் ஆடாதவருக்கு அங்கே தலைமைப் பயிற்சியாளர் பதவி எட்டாக்கனி என்கிறது உங்கள் கட்டுரை. ஜாரெட் பெட்னர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாத தடுப்பாட்டக்காரர். மூன்றாம் நிலை லீகான இசிஎச்எல்லில், சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் அணிக்கு ஆடி 1997, 2001 கெல்லி கோப்பைகள் (அந்த லீகின் பட்டம்). 2002இல் ஓய்வு, உடனே அதே அணியில் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளராக 2009இல் கெல்லி, 2016இல் இரண்டாம் நிலை லீகான ஏஎச்எல்லின் கால்டர், 2022இல் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை.

பயிற்சியாளர் உருவாக இசிஎச்எல்தான் நல்ல பட்டறை. பருவத்தின் நடுவிலேயே நல்ல ஆட்டக்காரரை ஏஎச்எல் அணி அழைத்துக்கொள்ளும். நேற்று வந்தவரை இன்று இறக்க வேண்டும். அதனால் தற்காப்பு ஏற்பாடு ஒரே பயிற்சியில் பிடிபடுகிற அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். ஆள் பிடிப்பதும் பெரும்பாலும் பயிற்சியாளர் தலையில்தான்.

என்எச்எல் அணியான கொலராடோவில் பெட்னரின் முதல் பருவம் 48 புள்ளிதான், படுமோசம். ஆனால் முந்தைய பயிற்சியாளர் பாட்ரிக் ருவா திடீரென விலகியதால் 2016 ஆகஸ்ட் கடைசியில்தான் பெட்னரை நியமித்தார்கள். பயிற்சி முகாமுக்குச் சில வாரமே பாக்கி. நிர்வாகம் அவரை நீக்காமல் விட்டது புத்திசாலித்தனம்.