யார் வீட்டுக் குழந்தை?

அட்டைப்பட விவகாரம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஆண்டு மலருக்கு மனித வரலாறு மொத்தத்தையும் காட்டுகிற ஒரே ஒரு படம் வேண்டும் என்றார்கள். நிலவில் பதிந்த காலணித் தடம் தேர்வாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, சண்டை இல்லை. ஆனால் நான் அனுப்பிய, பாறையில் பதிந்த கைகளின் படத்தைப் பார்த்து "யார் வீட்டுக் குழந்தை சுவரில் அப்பியது?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சேர்ந்து சிரித்தார்களே, அதைத்தான் விட முடியவில்லை.

அது அர்ஜென்டினாவின் தெற்கே, சாந்தா குரூஸ் மாகாணத்தில் இருக்கும் கைகளின் குகை. பாறையில் கையை வைத்து, எலும்புக் குழாய் வழியாகச் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்தால் அது இருந்த இடம் மட்டும் சாயம் படாமல் நிற்கும். பெரும்பாலும் இடது கைகள். குழாயைப் பிடிக்க வலது கை வேண்டுமே. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இதே மாதிரி ஒரு கைக்குக் குறைந்தது 39,900 வயது என்று 2014இல் கணக்கிட்டார்கள். பிரான்ஸில் உண்டு, போர்னியோவில் உண்டு, ஆஸ்திரேலியாவில் உண்டு. இவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் எல்லோரும் பாறையைப் பார்த்ததும் கையைத்தான் வைத்தார்கள். எல்லோருக்குமான படம் என்று கேட்டால், எல்லோரும் தாங்களாகவே போட்ட படத்தைத்தானே காட்ட வேண்டும்?

சரி, நிலவுக்கு வருகிறேன். 1969 ஜூலையில், அங்கிருக்கும் மண்ணின் தன்மையை ஆராய்வதற்காக பஸ் ஆல்ட்ரின் தன் காலையே ஊன்றி எடுத்த படம் அது. எனக்கும் பிடித்த படம்தான். அதற்குப் பின்னால் சுமார் 4 லட்சம் பேரின் உழைப்பு இருக்கிறது. அந்த விண்வெளி உடையை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பெண்கள் உட்கார்ந்து தையல் எந்திரத்தில் தைத்தார்கள். அந்தத் தடத்தில் அவர்களில் ஒருத்தியாவது தெரிகிறாளா? நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் அமெரிக்கர்கள். மனிதனின் சாதனைக்குப் படம் கேட்டிருந்தால் நானே அதற்கு வாக்களித்திருப்பேன். கேட்டது வரலாற்றுக்கு.

"எழுத்தே இல்லாத காலம் எப்படி சார் வரலாறு ஆகும்?" என்றார் ஒரு நண்பர். மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். எழுத்து வந்து 5,000 ஆண்டுச் சொச்சம். மீதிக் காலத்தில் பிறந்து, பிள்ளை பெற்று, செத்துப்போனவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? அட்டைக்கு அணுகுண்டுப் புகையின் படத்தைச் சொன்னவர்களுக்கு ஒன்று மட்டும். 1945 ஆகஸ்டை மறக்கவே கூடாது. ஆனால் குண்டு போட்டவர்களின் விமானத்திலிருந்து எடுத்த படத்தை நம் எல்லோருடைய முகமாகவும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

என் அப்பத்தாவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. தாத்தா படம் மாலையோடு கூடத்தில் தொங்கும். அப்பத்தா எப்படி இருப்பாள் என்று என் மகள் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. பின்கட்டு மண்சுவரை அவள் ஈரக்கையால் மெழுகிய விரல் வரிகள் மட்டும் நெடுநாள் இருந்தன. வீட்டை இடித்துக் கட்டியபோது அதுவும் போனது. உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஏன் படக்கூடாது? ஒரு படம்கூட இல்லாமல் போனவர்கள்தானே இந்த பூமியில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர்! அவர்களைக் காட்ட ஒரு படம் கிடைக்கிறது, அதற்கும் சிரிப்பு.

குழந்தை என்றீர்களே, அதற்கும் சொல்கிறேன். பிரான்ஸின் ரூஃபின்யாக் குகையில் விரலால் இழுத்த கோடுகளை அகலம் அளந்து பார்த்து, அவற்றில் சில சின்னஞ்சிறு பிள்ளைகள் போட்டவை என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சில கோடுகள் கூரையில் இருக்கின்றன, பெரியவர்கள் தூக்கிப் பிடிக்காமல் எட்டாது. அந்த இருட்டுக்குள் வெளிச்சம் கொண்டுபோய், பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, நீயும் இழு என்று விட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தையைச் சொல்லியா சிரிக்கிறீர்கள்?

முன் அட்டையை மாற்றச் சொல்லவில்லை, அது அச்சுக்குப் போய்விட்டது. பின் அட்டை இன்னும் காலி என்று கேள்வி. அங்கே அந்தக் கைகளைப் போடுங்கள். எந்த ஊர், எத்தனை வயது, எப்படிப் பதித்தார்கள் என்று நான்கு வரி எழுதித் தருகிறேன். வண்ண அச்சுக்கு ஆகும் கூடுதல் செலவும் என்னுடையது. ஆனால் படத்துக்குக் கீழே 'குகை மனிதனின் கிறுக்கல்' என்று போடுவதாக இருந்தால் வேண்டாம், காலியாகவே விட்டுவிடுங்கள்.