மின்வெட்டுக்குப் பின் பெயர் மாறாட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மாமாவின் மசாலாக் கடைக் கணினியில் தராசுக்கும் ரசீது அச்சுப்பொறிக்கும் ஒரே மாதிரியான இரண்டு மலிவு யுஎஸ்பி சீரியல் கேபிள்கள். மின்வெட்டு முடிந்து கணினியின் இயங்குதளமான லினக்ஸ் எழும்போது, முதலில் கண்ணில் படும் கேபிளுக்கு டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர், அடுத்ததற்கு டிடிஒய்யுஎஸ்பி1. முந்தினவனுக்கே பெயர்! நேற்று ரசீது தராசுக்குப் போய்விட்டது. மஞ்சள்தூள் பொட்டலத்தோடு நின்ற பாட்டி என்னைத்தான் முறைத்தார்.

லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ்வுக்கு ஒரு விதி எழுதி நிரந்தரப் பெயர் வைக்க உட்கார்ந்தேன். இரண்டிற்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் ஒன்றே. தனி வரிசை எண்ணோ கிடையாது. கேபிளுக்குள் இருக்கும் சிஎச்340 சிப் பெரும்பாலும் அப்படித்தான். இரட்டைப் பிள்ளைகளுக்காவது ஒரு மச்சம் இருக்கும்! கடைசியில், கேபிள் செருகியிருக்கும் யுஎஸ்பி துளையை வைத்துப் பெயரிட்டேன்.

இன்று காலை மாமா தூசி தட்டிவிட்டுக் கேபிள்களை மாற்றிச் செருகியிருக்கிறார். "துளைதானே, எதுவானால் என்ன?" என்கிறார்.