சிஸ்லேயின் தேவாலயத்தைத் தெருவிலிருந்து பார்க்க வேண்டும்

ஓவியர் ஆல்ஃப்ரெட் சிஸ்லே 1893, 1894 ஆண்டுகளில், பிரான்சின் மோரே என்ற சிற்றூரில் இருந்த தேவாலயத்தை ஒரு டசன் தடவைக்கு மேல் வரைந்தார். காலை வெயிலில், மழையில், மழை விட்ட பிறகு, உறைபனியில், மாலையில். அதே காலத்தில்தான் இன்னொரு ஓவியரான மோனே, பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தை வரைந்துகொண்டிருந்தார். இந்த ஒரு காரணத்தால் சிஸ்லேயின் வரிசையைத் துணிச்சல் குறைந்த நகல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

மோனேயின் படங்களில் பேராலய முகப்பு படம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. கல் ஒளியில் கரைகிறது. சிஸ்லேயிடம் கல் கரைவதில்லை. வானிலை மாறினாலும் சுவரைத் தாங்கும் முட்டுகள், கூரையின் சரிவு எல்லாம் அதனதன் இடத்தில் உறுதியாக நிற்கின்றன. இதைத்தான் பயந்த கை என்கிறார்கள். நான் இதை ஊர்க்காரரின் கண் என்பேன். தினமும் கடந்து போகும் கட்டடம் யாருக்கும் கரைந்து தெரியாது.

அவர் தேவாலயத்தை நேர் எதிரே நின்று வரையவில்லை. மூலையிலிருந்து, சாய்வாகப் பார்க்கிறார். அதனால் பக்கத்துத் தெருவும் வீடுகளும் படத்துக்குள் வந்துவிடுகின்றன. கீழே ஓரிரு ஆட்கள். கிட்டே போனால் அவை வெறும் கருந்தீற்றல்கள், முகம் கிடையாது. இரண்டடி பின்னால் வந்தால் ஆள் நடக்கிறார். அந்தத் தீற்றல்களை விரலால் மறைத்துப் பாருங்கள், தேவாலயத்தின் உயரமே குறைந்துவிடும். மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் படங்களுக்குப் பொருள் சொல்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. சிஸ்லே ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்காமலே 1899-இல் மோரேயில் இறந்தவர். ஆகவே சாம்பல் வானம் அவருடைய துயரம் என்பது. வாழ்க்கை துயரமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மனிதர் அதே சுவரில் காலை வெயிலையும் பூசியிருக்கிறாரே! அதற்கு என்ன சொல்வது?

மோனேயின் ரூவான் ஓவியங்களில் 20 படங்கள் 1895-இல் பாரிஸில் ஒரே கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றை ஒரு வரிசையாகப் பார்க்க உலகம் அப்படித்தான் பழகியது. மோரே படங்களோ பாரிஸ், ரூவான், டெட்ராய்ட் என்று சிதறிக் கிடக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அடக்கமான ஊர்க்காட்சி என்றுதான் தோன்றும். வெயில் படத்துக்குப் பக்கத்தில் மழைப் படத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் நகல் என்று சொல்லட்டும்.